டிஸ்னிலேண்ட் ரைடுகளை எல்லாம் வால்ட் டிஸ்னியே வடிவமைத்தாரா?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலேண்டின் ரைடுகளை எல்லாம் வால்ட் டிஸ்னி தானே உட்கார்ந்து யோசித்தாரா? வேறு ஆட்கள் செய்தார்கள் என்றால், சினிமாவில் பெயர் போடுவதைப் போல அங்கே ஏன் யார் பெயரும் இல்லை?

பெயர் போட்டிருக்கிறார்கள். நாம்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாசலைத் தாண்டியதும் வரும் மெயின் ஸ்ட்ரீட்டில், கடைகளின் மாடி ஜன்னல் கண்ணாடிகளைப் பாருங்கள். அங்கே இல்லாத கடைகளின் பெயர்ப்பலகை போல ஏதேதோ எழுதியிருக்கும். 'எலியாஸ் டிஸ்னி, கான்ட்ராக்டர், 1895' என்பது வால்ட்டின் அப்பா. கையால் மினியேச்சர் செய்து தருவதாக ஒரு ஜன்னலில் ஹாரியட் பர்ன்ஸ் பெயர். ஒரு சைக்கிள் கம்பெனியின் விளம்பரத்தில் பாப் கர். அட்வெஞ்சர்லேண்ட் பக்கம் போனால் பச்சை குத்துவதோடு பாஞ்சோ வாத்தியமும் கற்றுத்தருகிறார் ஹார்ப்பர் காஃப். விளையாட்டாக எழுதியதுதான், ஆனால் ஆட்கள் எல்லோரும் நிஜம். டிஸ்னிலேண்டின் டைட்டில் கார்டு அந்த ஜன்னல்கள்தான்.

வால்ட்டின் பங்கு குறைவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1950களில் அவர் பென்சில் பிடித்து வரைகிறவர் அல்ல. ஒவ்வொரு மேசையாக நின்று, 'இதை இன்னும் கொஞ்சம் மாற்றினால் என்ன?' என்று கேட்கிறவர். யாரிடம் எந்த வேலையைக் கொடுத்தால் அது எதிர்பாராத ஒன்றாக வந்து நிற்கும் என்பதில் அவருக்கு இருந்த கணிப்பு அபாரம். பார்க்குக்காக 1952இல் அவர் தனியாக ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் டபிள்யூ.இ.டி எண்டர்பிரைசஸ், அவருடைய பெயரின் முதலெழுத்துகள். டிஸ்னி பார்க்குகளை வடிவமைக்கும் பிரிவை இன்று இமேஜினியரிங் என்கிறார்களே, அது இதன் வாரிசு.

1953 செப்டம்பர். பணம் திரட்ட வால்ட்டின் அண்ணன் ராய் நியூயார்க் போக வேண்டும். கையில் காட்ட ஒரு படம்கூட இல்லை. ஸ்டுடியோவை விட்டுப் போயிருந்த ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை ஒரு சனிக்கிழமை காலையில் அழைத்தார்கள். வால்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அந்த வாரக் கடைசிக்குள் பார்க் முழுவதையும் பறவைக் கண்ணில் பார்ப்பது போல ரைமன் வரைந்து முடித்தார். அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டுதான் ராய் கிளம்பினார். கடைசியில் ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீடும், கடன்களுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. பதிலுக்கு அவர்களுக்கு ஒரு வாராந்திர நிகழ்ச்சியும் மூன்றில் ஒரு பங்கும் கிடைத்தன. அனஹெய்மில் ஆரஞ்சுத் தோப்புகளை வாங்கி, 1954 ஜூலையில் வேலையைத் தொடங்கி, 1955 ஜூலை 17இல் திறந்துவிட்டார்கள். ஒரே வருடம். செலவு ஏறக்குறைய 1.7 கோடி டாலர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குப் பூங்காத் தொழில் தெரிந்தவர்கள் இல்லை. கார்ட்டூன் படம் வரைகிறவர்கள், செட் போடுகிறவர்கள், பின்னணி வரைகிறவர்கள். சினிமாவில் பார்ப்பவரின் கண் எங்கே போக வேண்டும் என்பதைக் கேமரா தீர்மானித்துவிடும். பார்க்கில் அந்த வசதி கிடையாது, வந்தவர் எங்கே வேண்டுமானாலும் திரும்பிப் பார்ப்பார். கேமரா இல்லாமல் கண்ணை எப்படித் திருப்புவது? 1955இலிருந்து 1969 வரை இவர்கள் திரும்பத் திரும்ப மோதியது இந்தச் சிக்கலோடுதான். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு ரைடும் முந்தைய ரைடுக்கு எழுதிய பதில் மாதிரி இருக்கும்.

முதல் முயற்சி சறுக்கியது. ஸ்னோ ஒயிட் கதையை வைத்து, கென் ஆண்டர்சன், கிளாட் கோட்ஸ் போன்றவர்கள் ஓர் இருட்டு ரைடு செய்தார்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் பெயிண்ட், அதில் காடும் சூனியக்காரியும். வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்னோ ஒயிட், நடப்பதெல்லாம் உங்களுக்கே நடக்கிறது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது பிரமாதமான யோசனையாகவே தோன்றுகிறது. ஆனால் வெளியே வந்தவர்கள் 'ஸ்னோ ஒயிட்டைக் காணோமே' என்று கேட்டார்கள். கதாநாயகி இல்லாத கதையாகத்தான் அவர்களுக்கு அது பட்டது. அந்தக் கேள்வி ஓயாததால் கடைசியில் 1983இல் புதுப்பித்தபோது அவளை உள்ளே நிறுத்திவிட்டார்கள்.

காட்டுக்குள் படகில் போகும் ஜங்கிள் குரூஸ் ஹார்ப்பர் காஃப்பின் குழந்தை. வால்ட் முதலில் நிஜ விலங்குகளைத்தான் வைக்க நினைத்தார். பகல் முழுக்க அவை எங்காவது படுத்துத் தூங்கும், படகில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தவர்கள் சொன்ன பிறகு இயந்திர பொம்மைகள் வந்தன. காட்டை வளர்த்தவர் பில் எவன்ஸ். திறப்பு விழாவுக்குள் காடு வளர வேண்டும், கையில் காசும் குறைவு. சில மரங்களைத் தலைகீழாக நட்டு, மேலே தெரிந்த வேரையே விசித்திரக் கிளைகளாகக் காட்டினார். பார்க்கின் வேறொரு பக்கம் செடி வைக்கப் பணம் தீர்ந்துபோய்க் களை மண்டிக் கிடந்தபோது, அந்தக் களைகளுக்கே லத்தீன் பெயர் எழுதி அட்டை குத்திவைக்கச் சொன்னாராம் வால்ட்.

ஜங்கிள் குரூஸ் தொடக்கத்தில் பாடம் நடத்துவது போல சீரியஸாகத்தான் இருந்தது. 1960களில் மார்க் டேவிஸ் வந்து குளிக்கும் யானைக் கூட்டத்தைச் சேர்த்தார். டிங்கர் பெல்லுக்கு உயிர் கொடுத்த அனிமேட்டர் அவர். ஒரு பார்வையிலேயே சிரிப்பு வர வேண்டும் என்று நினைப்பவர். படகு ஓட்டுகிறவர்கள் அடிக்கும் அறுவை ஜோக்குகளுக்கும் அந்த யானைகளுக்கும் அதற்குப் பிறகு நன்றாக ஒத்துப்போயிற்று.

திறப்பு நாளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கள்ள டிக்கெட்டில் கூட்டம் குவிந்தது. போட்டு முடித்த தார் இன்னும் இறுகாததால் பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. இத்தனையும் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன்.

அந்த முதல் வாரங்களில் மிகவும் அடிபட்டது ஆட்டோபியா என்ற சின்னக் கார் ரைடு. காரை வரைந்த பாப் கர்ருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கார் வடிவமைப்புப் படித்தவர், இன்ஜினியர் அல்ல. பாதையின் நடுவே தண்டவாளம் எதுவும் இல்லாததால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடிப்பதையே விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். நாளுக்கு நாள் கார்கள் குறைந்துகொண்டே வந்தன. பழுது பார்க்க ஓர் இடமும் மெக்கானிக்கும் வேண்டும் என்று கர் வால்ட்டிடம் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் ஒரு கொட்டகையையே இழுத்துக்கொண்டு வந்து, 'எங்கே இறக்க?' என்று கேட்டதாம். இந்தக் கதையைக் கர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்தப் பார்க்கில் சக்கரம் வைத்து ஓடுகிற எதுவானாலும் பெரும்பாலும் கர்ரின் கை அதில் இருந்தது.

ஓவியர்கள் வரைந்ததை இரும்பில் ஓட வைத்தவர்கள் தனி. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஆரோ டெவலப்மெண்ட் என்ற சின்னப் பட்டறை, அதில் எட் மார்கனும் கார்ல் பேகனும். ராட்டினம் செய்துகொண்டிருந்தவர்கள். பறக்கும் டம்போ யானைகள், சுற்றும் தேநீர்க் கோப்பைகள், இருட்டு ரைடுகளின் வண்டிகள் என்று தொடக்க காலத்து ஃபேண்டசிலேண்ட் பகுதியில் பாதிக்கு மேல் இவர்கள் பட்டறையில் பிறந்தது. பொதுவாக ரசிகர்கள் ஓவியர்களைக் கொண்டாடும் அளவுக்கு இந்த இருவரைக் கொண்டாடுவதில்லை. என் கணக்கில் அது அநியாயம், ஏனென்றால் உலகம் முழுக்க எல்லாப் பார்க்குகளையும் மாற்றிய ஒரு விஷயம் இவர்களிடமிருந்துதான் வந்தது.

பார்க்கின் நடுவில் ஒரு மண்மேடு இருந்தது. ஒரு படப்பிடிப்புக்காகச் சுவிட்சர்லாந்து போயிருந்த வால்ட், மேட்டர்ஹார்ன் மலை அச்சடித்த அஞ்சலட்டையில் 'இதைக் கட்டுங்கள்' என்று எழுதி அனுப்பினார் என்று சொல்வார்கள். நிஜ மலையில் நூறில் ஒரு பங்கு, 147 அடி. அதற்குள் பனிச்சறுக்கு வண்டி வளைந்து வளைந்து ஓட வேண்டும். அதுவரை ரோலர் கோஸ்டர் என்றால் மரச் சட்டத்தின் மேல் பட்டை இரும்பு. அதை நினைத்தபடியெல்லாம் வளைக்க முடியாது. ஆரோ ஆட்கள் எஃகுக் குழாயை வளைத்துத் தண்டவாளம் ஆக்கினார்கள். குழாயை எந்தப் பக்கமும் முறுக்கலாம். அதன் மேல் பாலியூரித்தேன் சக்கரம், தடதடப்பு குறைந்தது. 1959 ஜூன் 14இல் ஓடத் தொடங்கிய அதுதான் உலகின் முதல் குழாய்த் தண்டவாள ரோலர் கோஸ்டர். இன்று தலைகீழாகச் சுழற்றும் எஃகு ரோலர் கோஸ்டர் எதை எடுத்தாலும் அதன் வேர் இந்த மலைக்குள் இருக்கிறது. பக்கத்து ஊரான பியூனா பார்க்கில், நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பார்க்கில் 1975இல் கார்க்ஸ்க்ரூ என்ற தலைகீழ்க் கோஸ்டரைக் கட்டியதும் இதே ஆரோதான். மேட்டர்ஹார்ன் உச்சிக்குள் மலையேறும் கலைஞர்கள் ஓய்வாக விளையாட ஒரு கூடைப்பந்து வளையம் இருக்கிறது என்பதும் உண்மை, வதந்தி இல்லை.

அடுத்தது பறவைகள். நியூ ஆர்லியன்ஸ் போன இடத்தில் வால்ட் ஒரு பழைய கூண்டு வாங்கினார். உள்ளே சாவி கொடுத்தால் பாடும் இயந்திரக் குருவி. அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது 1963 ஜூன் 23இல் என்சான்டட் டிக்கி ரூமாக வந்து முடிந்தது. பூவும் கிளியும் கூரையிலிருந்து பாடும் அறை. முதலில் அதை உணவகமாகத்தான் திட்டமிட்டார்கள். அங்கே இருக்கும் டிக்கி என்ற பாலினீசியத் தெய்வச் சிலைகளைச் செய்த ரோலி கிரம்ப்புக்குச் சிற்பம் தெரியாது. பிளெய்ன் கிப்சன் என்ற சிற்பியிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஹாரியட் பர்ன்ஸுடையது. மாதிரிகள் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண், பறவைகளுக்கு இறகு ஒட்டுகிற வேலை அவருடையது. பறவை மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். எந்தத் துணியைப் போட்டாலும் அது மடிந்து இறகுகள் கோணலாக விரிந்தன. ஒரு கூட்டத்தில் வால்ட் காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையை மடக்கி நீட்டும்போதெல்லாம் முழங்கையில் அந்தத் துணி சுருக்கமே இல்லாமல் விரிந்து சுருங்குவதை ஹாரியட் பார்த்தார். முதலாளி பேசியது காதில் விழுந்ததோ இல்லையோ, கிளிகளுக்கு நெஞ்சுத்துணி கிடைத்துவிட்டது.

1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும், டிஸ்னிலேண்டின் போக்கை மாற்றியது அதுதான். நான்கு அரங்குகளுக்கு நான்கு காட்சிகள். செலவு ஃபோர்ட், ஜெனரல் எலக்ட்ரிக், பெப்சி, இல்லினாய் மாநிலம் ஆகியோருடையது. கற்றுக்கொண்ட பாடம் மட்டும் டிஸ்னிக்கு. இல்லினாய்க்காகச் செய்த இயந்திர ஆபிரகாம் லிங்கன் எழுந்து நின்று பேசுவார். கண்காட்சி திறந்தபோது அவர் ஒத்துழைக்க மறுத்ததால் அந்தக் காட்சி சில நாள் தள்ளிப்போனது. ஃபோர்ட் காட்சியில் கார்களை நகர்த்தப் பாதையில் பதித்த சக்கரங்கள் பிறகு டிஸ்னிலேண்டில் பீப்பிள்மூவர் என்ற ரைடு ஆயின. அங்கிருந்த டைனோசர்கள் டிஸ்னிலேண்ட் ரயில் பாதை ஓரத்தில் குடியேறின.

பெப்சிக்கும் யுனிசெஃபுக்கும் செய்த, பாடும் குழந்தைப் பொம்மைகள் நடுவே படகில் போகும் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் பற்றிக் கிண்டல் அடிக்காதவர் இல்லை. பாட்டு மண்டைக்குள் புகுந்தால் இறங்காது. ஆனால் அதை ஓவியர் மேரி பிளேர் கையாண்ட வண்ணங்களுக்காக ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு நாட்டுக் குழந்தையும் தன் தேசிய கீதத்தைப் பாடட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். எல்லாம் சேர்ந்து சந்தை இரைச்சலாகக் கேட்டதும், பாடலாசிரியர்களான ஷெர்மன் சகோதரர்களிடம் ஒரே ஒரு எளிய பாட்டு கேட்டார் வால்ட். பொம்மைகளுக்கு உடை தைத்தவர் மார்க் டேவிஸின் மனைவி ஆலிஸ். அதைவிட முக்கியம், படகுகளை நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும் ஆரோவின் ஏற்பாடு. மணிக்கு ஆயிரக்கணக்கானோரை வரிசை தேங்காமல் அனுப்ப முடிந்தது.

அந்த நேரத்தில் டிஸ்னிலேண்டில் கடற்கொள்ளையர் கண்காட்சிக்காக நிலவறை தோண்டி வைத்திருந்தார்கள். மெழுகு பொம்மைகளை நடந்து பார்க்கும் இடமாகத் திட்டம். படகு நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகு நடைபாதையைத் தூக்கிப்போட்டார்கள். தோண்டிய குழி போதாது, காட்சிகள் பெரியவை. அதனால் பார்க்கைச் சுற்றும் ரயில் மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கொட்டகை கட்டினார்கள். படகு ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து அங்கே போக வேண்டும், அதற்குத்தான் அந்த இரண்டு நீர்வீழ்ச்சிச் சரிவுகள். பைரேட்ஸ் ஆஃப் த கரிபியனில் வயிற்றைப் பிசையும் அந்த இறக்கம் சாகசத்துக்காகவே வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டவாளத்துக்குக் கீழே புகுந்து போக வேறு வழி இருக்கவில்லை.

கொள்ளையர் முகங்கள் பிளெய்ன் கிப்சன் செய்தவை. சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது யாருடைய மூக்கையாவது தாடையையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம், மனைவி முழங்கையால் இடிப்பாராம். எரியும் நகரத்தின் தீயைச் செய்தவர் யேல் கிரேசி. அது அவ்வளவு நிஜமாக இருந்ததால், உண்மையிலேயே தீப்பிடித்தால் போலித் தீ தானாக அணைய வேண்டும் என்று தீயணைப்புத் துறை கேட்டுக்கொண்டது. எழுத்து அனுபவமே இல்லாத அனிமேட்டர் எக்ஸ் அட்டென்சியோவை வால்ட் கூப்பிட்டு வசனம் எழுதச் சொன்னார், பாட்டு வரிகளும் அவரே எழுதினார். ஏலக் காட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒன்றும் புரியாதே என்று அட்டென்சியோ கவலைப்பட்டார். விருந்துக்குப் போனால் எல்லாப் பேச்சுமா காதில் விழுகிறது? அடுத்த முறை வரும்போது வேறு எதையாவது கேட்டுக்கொள்வார்கள் என்றார் வால்ட். கண்ணை எங்கே திருப்புவது என்று பத்து வருடம் குழம்பியவர்கள், 'திருப்பவே வேண்டாம், நிறையப் போட்டுவிடு' என்ற இன்னொரு பதிலைக் கண்டுபிடித்த இடம் இது.

ஆலிஸ் டேவிஸ் இதற்கும் உடை தைத்தார். ஒவ்வொரு உடைக்கும் இரண்டு பிரதி கேட்டபோது கணக்குப் பிரிவு மறுத்துவிட்டது. அவர் சத்தமில்லாமல் விலையைச் சேர்த்துப் போட்டு இரண்டாவது செட்டையும் தைத்து ஒளித்து வைத்தார். திறந்த பிறகு சின்னத் தீ விபத்து ஏற்பட்டு உடைகள் பாழாகின. அவர் அலமாரியைத் திறந்தார்.

1967 மார்ச் 18இல் பைரேட்ஸ் திறந்தபோது வால்ட் உயிரோடு இல்லை. 1966 டிசம்பர் 15இல் போய்விட்டார்.

அவர் பாதியில் விட்டுப்போன பெரிய தலைவலி ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை. வெளிக்கட்டடம் 1963லேயே தயார். உள்ளே என்ன என்பதில் மட்டும் முடிவே வரவில்லை. பின்னணி ஓவியரான கிளாட் கோட்ஸ் பயமுறுத்த வேண்டும் என்றார், கதாபாத்திரங்களை வரையும் மார்க் டேவிஸ் சிரிக்க வைக்க வேண்டும் என்றார். வால்ட் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்த்திருப்பார். அவர் இல்லாததால் இரண்டு பேரும் ஜெயித்தார்கள். முதல் பாதியில் நீண்ட வெறும் தாழ்வாரம், அசையும் கதவு, பேய் எதுவுமே கண்ணில் படாது. அது கோட்ஸ். பிற்பாதியில் கல்லறையில் பேய்கள் கூத்தடிக்கும். அது டேவிஸ். இரண்டையும் வசனத்தால் தைத்தவர் மறுபடியும் அட்டென்சியோ. குழுவாகச் செய்த வேலையின் தையல் இப்படி வெளியே தெரிவதே அந்த ரைடின் அழகு என்று நினைக்கிறேன். 1969 ஆகஸ்ட் 9இல் திறந்தது.

கேமரா பிரச்சினைக்கு நேரான பதிலும் அங்கேதான் வந்தது. பாப் கர் சொல்வது: சக வடிவமைப்பாளர் ஜான் ஹென்ச் ஓர் ஆப்பிளைக் காம்பில் பிடித்துத் திருப்பிக்கொண்டே பேசினார், அதிலிருந்துதான் யோசனை பிறந்தது. வரிசையாக ஓயாமல் நகரும் கூண்டு வண்டிகள், ஒவ்வொன்றும் தேவையான இடத்தில் தேவையான பக்கம் உங்களைத் திருப்பும். பக்கச் சுவர் உயரமானதால் காட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆம்னிமூவர் என்று பெயர். 1967இல் வேறொரு ரைடில் முதலில் ஓடியது, மேன்ஷனில் கருப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டு டூம் பக்கி ஆயிற்று.

நடன மண்டபத்தில் ஊடுருவித் தெரியும் பேய்கள் கம்ப்யூட்டர் வேலை இல்லை. 1860களில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய பழைய கண்ணாடி வித்தை. நமக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மாபெரும் கண்ணாடி இருக்கிறது. நம் பார்வைக்கு மறைவாக மேலும் கீழும் பொம்மைகள், அவற்றின் பிம்பம்தான் மண்டபத்துக்குள் ஆடுகிறது. பிம்பத்தில் இடம் வலம் மாறும் அல்லவா? அதனால் அங்கே ஆடும் ஜோடிகளில் ஆணைப் பெண்தான் நடத்திச் செல்கிறாள். அடுத்த முறை கவனியுங்கள்.

இந்த வித்தைகளை எல்லாம் முதலில் செய்து பார்த்தவர்கள் யேல் கிரேசியும் ரோலி கிரம்ப்பும். அவர்கள் அறையில் பேய் சோதனைகள் நடப்பதால், இரவில் விளக்கைப் போட்டே வைக்கும்படி துப்புரவுப் பணியாளர்கள் கேட்டிருந்தார்கள். இவர்கள் சரி என்று சொல்லிவிட்டு, யாராவது உள்ளே நடந்தால் விளக்கு அணைந்து பேய்கள் கிளம்பும்படி அமைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்தால் பேய்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன, அறை நடுவில் ஒரு துடைப்பம் மட்டும் கிடந்தது. அதன் பிறகு தங்கள் அறையைத் தாங்களே பெருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிந்தைய தலைமுறையில் ஒரு பெயர் போதும்: டோனி பேக்ஸ்டர். பதினேழு வயதில் டிஸ்னிலேண்டில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுத்தவர். 1979இல் பிக் தண்டர் சுரங்க ரயில், 1989இல் ஸ்பிளாஷ் மவுண்டன் எல்லாம் அவர் கை வண்ணம். ஸ்பிளாஷ் மவுண்டனுக்குப் புது பொம்மை செய்யும் செலவைக் குறைக்க, மூடிப்போன அமெரிக்கா சிங்ஸ் காட்சிக்காக மார்க் டேவிஸ் வடிவமைத்திருந்த விலங்குகளையே கொண்டுவந்து குடிவைத்தார். 2023இல் அதுவும் மூடி, அடுத்த வருடம் டிஸ்னி படக் கதாநாயகி டியானா பெயரில் வேறொன்றாகத் திறந்தது.

மறுபடியும் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் 1971இல் திறந்த ஹான்டட் மேன்ஷனில், வரிசையில் நிற்கும் இடத்தில் கல்லறைக் கற்கள் இருக்கும். தாத்தா மார்க், சகோதரர் கிளாட், ஃபிரான்சிஸ் சேவியர் என்று எழுதியிருக்கும். மார்க் டேவிஸ், கிளாட் கோட்ஸ், எக்ஸ் அட்டென்சியோ. 'மாஸ்டர் கிரேசி' என்றும் ஒரு கல் உண்டு, யேல் கிரேசிக்காக நட்டது. அது யாரென்று தெரியாத ரசிகர்கள், மாளிகையின் சொந்தக்காரர் பேர்தான் கிரேசி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அவர் எப்படிச் செத்தார், ஏன் ஆவியானார் என்று கதை கட்டினார்கள். 2003இல் டிஸ்னியே இதைப் படமாக எடுத்தபோது மாளிகைக்காரருக்கு கிரேசி என்றே பெயர் வைத்துவிட்டது.